காலா லில்லி – மடற்சேம்பு

சேம்புக் குடும்பத்துப் பூச்செடி. தாவரவியல் பெயர் சாண்டடெஸ்கியா. தாயகம் தென்னாப்பிரிக்காவும் அதையொட்டிய நாடுகளும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதைக் 'காலா' என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைத்தார். 1826இல் ஸ்பிரெங்கல் என்ற தாவரவியலாளர் பிரித்துத் தனிப் பேரினமாக்கினார். பூக்கடையில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அழகு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு 'காலா'வைத் தொடர்புபடுத்துவார்கள். 'லில்லி' வெறும் ஒட்டு.

லில்லி என்றதும் அல்லி என்று எழுதுவது தவறு. அல்லி நீர்ப்பூ, வேறு குடும்பம். இதில் புனல்போல் சுருண்டிருப்பது இதழல்ல, மடல், அதாவது பூங்கதிரைச் சுற்றிய மாறிய இலை. தென்னம்பாளையும் இதே உறுப்புதான். நடுவிலுள்ள மஞ்சள் கதிரில்தான் பூக்கள், மேலே ஆண், கீழே பெண். ஆகவே 'மடற்சேம்பு' பொருத்தமான பெயர். ஒரு எச்சரிக்கையும் அதிலேயே வந்துவிடுகிறது: சேம்பைப் போலவே இதிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் ஊசிபோன்ற நுண்படிகங்கள் உண்டு, சாறு பட்டால் அரிக்கும், கடித்தால் வாய் வீங்கும்.

வளர்ப்பில் வெள்ளையையும் வண்ண வகையையும் ஒன்றாக நடத்தக் கூடாது. பல செடிகள் சாவது இதனால்தான். வெள்ளை சதுப்புச் செடி. குளக்கரைச் சேற்றிலும் செழிக்கும். ஊட்டி, கொடைக்கானல் ஓடைகளில் தானாகப் பரவிக் களையாகவே ஆகிவிட்டது. அங்கே நீர்நிலையோரம் நடாமல் தொட்டியில் வைப்பதே நல்லது. காலையில் இலை நுனியில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது செடியின் இயல்பு.

மஞ்சள், இளஞ்சிவப்பு வகைகளின் கிழங்குக்கு ஈரம் தேங்கவே கூடாது. மணலும் மட்கிய உரமும் கலந்த மண்ணில், முளைக்கண் மேலே பார்க்க, 5 முதல் 7 செ.மீ. ஆழத்தில், 30 செ.மீ. இடைவெளி விட்டு நடுங்கள். முளை வரும்வரை தண்ணீர் கொஞ்சமாகப் போதும். இலை அடியில் மஞ்சளித்துச் சாய்ந்து, இழுத்தால் கையோடு வந்து நாறினால் அது பாக்டீரியா மென்னழுகல். வெப்பமும் தேங்கிய ஈரமும் சேரும்போது வரும், மருந்தில் மீளாது. கிழங்கை மண்ணோடு அகற்றுங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழிக்கும், பூ குறையும், அழுகலும் எளிதில் பிடிக்கும்.

பூத்து முடிந்து இலை பழுத்ததும் நீரை நிறுத்தி, கிழங்கைத் தோண்டி, நிழலில் சில நாள் உலர்த்தி, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் இரண்டு மாதம் ஓய்வில் வையுங்கள். வெள்ளைக்கு இந்த ஓய்வு தேவையில்லை.