மீள்சேர்க்கைப் புரதம்: சொல் விளக்கம்

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் ‘றீகொம்பினன்ற் புறோட்டீன்’ என்றால் என்னவென்று கேட்டால், ‘மீளச்சேர்ந்த புரதம்’ என்று விடை வரக்கூடும். சொல்லுக்குச் சொல் சரிதான். பொருள்தான் இடறுகிறது. ‘மீளச்சேர்ந்த’ என்பது பெயரெச்சம். அது பக்கத்தில் நிற்கும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். கேட்பவர், பிரிந்துபோன புரதம் மறுபடி ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைப்பார். உண்மையில் சேர்வது டி.என்.ஏ. ஓர் உயிரின் பரம்பரையலகை (ஜீன்) எடுத்து இன்னொரு டி.என்.ஏ.யோடு பொருத்துகிறார்கள். அதைப் பெற்ற கலம் (செல்) செய்து தருவதே இந்தப் புரதம். அதனால் ‘மீள்சேர்க்கைப் புரதம்’ என்பதே என் தெரிவு.

மூலச்சொல் இலத்தீன். ‘பினி’ என்றால் இரண்டிரண்டாக, ‘கொம்’ கூட, ‘றீ’ மறுபடி. பெற்றோரின் பரம்பரையலகுகள் பிள்ளையில் புதிதாகக் கலப்பதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். 1972இல் அமெரிக்க விஞ்ஞானி போல் பேர்க்கின் குழுவினர் இருவேறு மூலங்களின் டி.என்.ஏ.யைச் சோதனைக்குழாயில் இணைத்தபின் சொல் ஆய்வுகூடத்துக்கு வந்தது. 1975இல் கலிபோர்னியாவின் அசிலோமாரில் விஞ்ஞானிகள் கூடி இதன் ஆபத்துகளைப் பேசினார்கள். அங்கே பேச்சு டி.என்.ஏ.யைப் பற்றியது. 1982இல் பக்ரீரியா செய்த மனித இன்சுலின் மருந்தாக வந்தது. ‘றீகொம்பினன்ற்’ என்ற அடைமொழி புரதத்துக்கும் பழகிவிட்டது.

பக்ரீரியாவே போதாதா? சில புரதங்களுக்குப் போதும். ஆனால் பல மனிதப் புரதங்கள் சரியான வடிவில் மடிப்புறவேண்டும், அவற்றின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறவேண்டும். அதை நமக்கு நெருக்கமான விதத்தில் செய்பவை பாலூட்டிக் கலங்கள். 1957இல் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் பக் பிரித்தெடுத்த, சீன ஹம்ஸ்ரர் என்ற எலி போன்ற சிறுவிலங்கின் சூலகக் கலங்கள் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தொன்று அவற்றில் தயாராகி 1987இல் அமெரிக்க அனுமதி பெற்றது. விலங்குக் கலத் தொழினுட்பத்துக்கென ஐரோப்பாவில் 1976இல் ஒரு சங்கமே தொடங்கியது. அத்தகைய கூட்டங்களில் லீற்றருக்கு எத்தனை கிராம் புரதம், சர்க்கரைச் சங்கிலி மாறாமல் காப்பது எப்படி என்று பேசுவார்கள்.

அப்படியொரு கூட்டத்தைத் தமிழில் அறிவிப்பதென்றால் ‘விலங்குக் கலங்களில் மீள்சேர்க்கைப் புரத உற்பத்தி: ஆய்வரங்கு’ என்பேன். மாநாடு என்றால் மேடையும் மாலையும் நினைவுக்கு வருகின்றன. ‘கலம்’ நம் பாடநூல் வழக்கு. தமிழகத்தில் செல், உயிரணு. அவை வளரும் பாத்திரத்தைக் ‘கலன்’ என்றால் கலனுக்குள் கலம் என்று நாக்குத் தடுக்கும், ‘வளர்ப்புத்தொட்டி’ என்று விடலாம்.

எல்லாவற்றையும் தமிழாக்க மல்லுக்கட்ட வேண்டியதுமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீனே இரசாயனத்தைக் ‘கெமிஸ்தம்’ என்று எழுதியவர். செங்குருதிக் கலங்கள் உருவாகத் தூண்டும் புரதமான எரித்திரோபொயிற்றினின் பெயர் அப்படியே இருக்கட்டும்.

‘சேர்க்கை’ தொழிற்பெயர் என்பதால் செய்முறையைச் சுட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. புரதத்தின்மேல் பழி விழாது. முன்பு சேர்ந்திராததை ‘மீள்’ என்பது எனக்கும் உறுத்தல்தான், ஆனால் அது மூலச்சொல்லிலேயே உள்ள குறை. ‘மீளச்சேர்ந்த டி.என்.ஏ.’ என்று எழுதுபவர்கள் தாராளமாக எழுதலாம், அங்கே சேர்ந்தது டி.என்.ஏ.தானே.