பட்டை விளிம்புக் கிண்ணம்: ஓடும்போது தெரியாத ஓரம்

போன மாதம் ஒரு தம்பி புருவத்துக்கு மேல் நான்கு தையலோடு என் கடைசல் பட்டறைக்கு வந்தார். கையில் உள்ளங்கை அகல மாம்பட்டை ஒன்று. "இதுதாண்ணே அடிச்சது" என்று மேசைமேல் வைத்தார். வீட்டு மாடியில் சின்ன லேத் (மரத்தைச் சுற்றவைத்துக் கடையும் எந்திரம்) வாங்கிப் போட்டு, வீடியோ பார்த்துக் கடையக் கற்றுக்கொண்டவர். அவருடைய மூன்றாவது கிண்ணமே பட்டை விளிம்புக் கிண்ணம். அப்போது அவர் போட்டிருந்தது சாதாரண பவர் கண்ணாடி. பட்டை அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும்.

இப்படித் தனியாகக் கற்றுக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் பக்கத்தில் நின்று "தம்பி, நிறுத்து" என்று சொல்ல அவர்களுக்கு ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரணக் கிண்ணத்தின் வாய் ஒரே மட்டமாக இருக்கும். பட்டை விளிம்பு அப்படியல்ல. உருட்டுக்கட்டையை அதன் மையமான நெஞ்சு வழியாக நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பட்டைப் பக்கம் வாயாகவும் நெஞ்சுப் பக்கம் அடியாகவும் வரும்படி கடைகிறோம். கட்டையின் நீளவாக்கில் இரண்டு முனை மேலே எழும், குறுக்குவாக்கில் இரண்டு பக்கம் தாழும். கடைந்து முடித்தால் வாழைப்பூ மடல் மாதிரி இருக்கும். பூவரசில் செய்தால் நடுமரமான கறுத்த வைரம், அதைச் சுற்றி வெளுத்த வெண்மரம், அதற்குமேல் பட்டை என்று மூன்று நிறமும் விளிம்பில் வந்துவிடும். பூவரசை ஹவாய்த் தீவில் மிலோ என்கிறார்கள். அங்கேயும் அது பழங்காலத்திலிருந்து உணவுக் கிண்ணம் செய்யும் மரம்தான்.

இந்த அழகான விளிம்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. கட்டை சுற்றும்போது அந்த இரண்டு முனைகளும் மின்விசிறி இறக்கை மாதிரி ஆகிவிடும். இருக்கும், ஆனால் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது முழுதாக மரம் உள்ள உள்வட்டம் மட்டும்தான். அதற்கு வெளியே லேசான ஒரு நிழல். புதிதாகக் கடைபவர்கள் அந்த நிழலை வெற்றிடம் என்று நினைத்து விரலை நீட்டிவிடுவார்கள். நான் லேத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையைச் சாய்த்து வைத்து, விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடிக்க விடுவேன். நிழல் எங்கே முடிகிறது என்று அப்போது நன்றாகத் தெரியும். உளியைத் தாங்கும் கட்டையை நகர்த்துவதென்றால் லேத்தை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் நகர்த்துவேன். பிறகு கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பின்புதான் சுவிட்ச்.

அடுத்தது வேகம். தம்பி கடைந்தது 8 அங்குலக் கட்டை. பெல்ட் நிமிடத்துக்கு 1800 சுற்றில் இருந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், விளிம்பில் இருந்த பட்டை மணிக்கு ஏறத்தாழ 69 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வேகம் இரட்டிப்பானால் அடி நான்கு மடங்காகும். கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: அங்குலத்தில் விட்டத்தையும் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும். 8 அங்குலத்துக்கு அது 750 முதல் 1125. அதுவும் உருட்டி முடித்த, ஆட்டமில்லாத கட்டைக்கு. கோணல் மாணலாக மாட்டிய பச்சைக் கட்டையை லேத்தின் ஆகக் குறைந்த வேகத்தில்தான் தொடங்க வேண்டும். லேத் நடுங்குகிறதா, வேகத்தைக் குறையுங்கள். சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பறக்கும் துண்டு அந்த நேர்கோட்டில்தான் வரும்.

பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நிறைய பேர் ஏமாறுவது இதில்தான். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மரம் வளர்கிற மெல்லிய படலம் ஒன்று உண்டு. மழை பெய்து மரம் துளிர்விடும் காலத்தில் அந்தப் படலம் ஈரமும் மென்மையுமாக இருக்கும். அப்போது வெட்டிய கட்டையில் பட்டை பழத்தோல் மாதிரி உரிந்துவிடும். வளர்ச்சி அடங்கிய வறண்ட காலத்தில் வெட்டினால் பட்டை இறுக்கமாக நிற்கும். நமக்கோ விலையில்லாமல் கட்டை கிடைப்பது பெரும்பாலும் புயலுக்குப் பின்னால்தான். வர்தா 2016 டிசம்பரில், கஜா 2018 நவம்பரில். இரண்டுமே ஈரக் காலம். கஜாவில் விழுந்த மாங்கட்டைகள் என்னிடம் வந்தபோது பெரும்பாலானவற்றில் பட்டையை முழுதாக உரித்துவிட்டுத்தான் கடைந்தேன். பட்டை இல்லாவிட்டாலும் அடியில் இருக்கும் மேடுபள்ளம் அப்படியே விளிம்பில் நிற்கும். சந்தேகம் இருந்தால் உரித்துவிடுங்கள், கிண்ணம் அழகு குறையாது.

பட்டை வேண்டும்தான் என்றால் முதலில் உளியின் பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் பட்டை விட்டிருக்கிறது. பட்டையும் மரமும் சேரும் கோட்டில் தண்ணீர் பதத்தில் உள்ள சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். முழுதாகக் காய்ந்த பிறகே லேத்தை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பசை முகத்தில் தெறிக்கும். அதன் ஆவியும் கண்ணை எரிக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும். கடையக் கடையப் புதிய இடம் வெளியே வருவதால், நான் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பப் பசை விடுவேன்.

மாட்டும்போது, கட்டையைச் சுற்றவைக்கும் முள்முனை பட்டைமேல் உட்காரக் கூடாது. அந்த இடத்தில் பட்டையைச் செதுக்கி எடுத்து, மரத்தில் கடிக்கும்படி வையுங்கள். முடிந்தவரை, எதிர்முனையில் கட்டையை அழுத்திப் பிடிக்கும் டெயில்ஸ்டாக் தாங்கலை எடுக்காதீர்கள். விளிம்பைச் சீவும் கடைசி வெட்டு, வெளிப்பக்கமானாலும் உள்பக்கமானாலும், பட்டையிலிருந்து மரத்தை நோக்கிப் போகட்டும். அப்போது பட்டைக்குப் பின்னால் மரம் முட்டுக்கொடுக்கும். மரத்திலிருந்து பட்டை நோக்கி வெட்டினால் உளியே அதைப் பெயர்த்துத் தள்ளிவிடும். விளிம்பில் ஒரு சுற்றுக்குள்ளேயே மரமும் காற்றும் மாறி மாறி வருவதால், உளியை மரத்தில் சாய்த்து அழுத்தாமல் தாங்குகட்டைமேல் அழுத்திப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். உளி கூர்மையாக இருந்தால்தான் இது முடியும்.

உடையில் நம் ஊருக்கென்று சில ஆபத்துகள் உண்டு. தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் லுங்கி, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் சாமிக் கயிறு. கயிறுதான் பெரும்பாலோருக்கு மறந்துபோகிறது. கழற்ற மனமில்லை என்றால், முழங்கைக்கு மேலே ஏற்றி இறுக்கமாகக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று என் பட்டறையில் சொல்லிவிடுவேன். கையுறையும் வேண்டாம். எண்ணெய் தடவ, ஓடும் லேத்தில் துணியைக் கொண்டுபோகாதீர்கள், காகிதத்தால் தடவுங்கள். லேத் இழுத்தால் காகிதம் கிழிந்துவிடும், துணி விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். விளிம்பில் உப்புத்தாள் தேய்ப்பது லேத்தை நிறுத்தி, கையால் மட்டுமே.

முகத்துக்கு, நெற்றியிலிருந்து தாடை வரை மறைக்கும் பாலிகார்பனேட் ஷீல்டு. அதன் உள்ளே மூக்குக்கு என்95 மாஸ்க். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்று அது. பச்சை மரம் சுருளாக வரும்போது தூசி குறைவு. காய்ந்த பிறகு உப்புத்தாள் போடும்போதுதான் பறக்கும். மாம்பால் பட்டுக் கை அரிப்பவர்களும் உண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

தையல் பிரித்த பிறகு தம்பி மறுபடி வந்தார், ஷீல்டோடு. இருவரும் சேர்ந்து ஒரு பூவரசங்கட்டையை மாட்டினோம். கடைசிவரை 800 சுற்றைத் தாண்டவில்லை. சுவர் எல்லா இடத்திலும் 7 மில்லிமீட்டர் வந்தது, பட்டை ஓரிடத்திலும் விடவில்லை. இப்போது அது செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் கீழ்த்தட்டில் காய்ந்துகொண்டிருக்கிறது. வாரம் ஒருமுறை அவர் வந்து எடை போட்டு அந்தத் தாளிலேயே எழுதி வைக்கிறார். எடை குறைவது நின்றால் எண்ணெய் பூசலாம்.