சோலார் ஹீட்டருக்கு மானியம் என்று யாராவது வந்தால்

தண்ணீர் சுட வைக்கும் சோலார் ஹீட்டருக்கு மத்திய அரசின் மானியம் இப்போது கிடையாது. முன்பு இருந்தது, 2014-இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் "முழுப் பணம் கட்டுங்க, மூணு மாசத்துல மானியம் அக்கவுண்ட்ல ஏறிடும்" என்ற பேச்சை நம்பி டேங்கை மாடியில் ஏற்றிவிட்டு, பாஸ்புக்கில் வரவு வந்திருக்கிறதா என்று பார்க்க வங்கிக்கு நடையாய் நடந்தார். வெந்நீர் வந்தது, பணம் வரவில்லை.

விற்கிறவர்களுக்கு வசதியாக இருப்பது பெயர்க் குழப்பம்தான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் மானியம் உண்டு, ஆனால் அது வீட்டு மாடியில் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000. வெந்நீர் டேங்குக்கு இதில் ஒரு பைசா கிடையாது. பேனல் மின்சாரத்தில் கீசர் செலவை ஈடுகட்டிக்கொள்ளலாம், அது வேறு கணக்கு.

சரி, பேனலே போடலாம் என்றால் முதலில் கரண்ட் பில்லை எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பாதி வீடுகளில் செத்துப்போன அப்பாவோ தாத்தாவோதான் இன்னும் பில் கட்டிக்கொண்டிருப்பார். விண்ணப்பதாரர் பெயரும் இணைப்பில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும், அப்புறம் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறைகிறது என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்ல ஏனோ யாருக்கும் வாய் வருவதில்லை. பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்கிலும் அதே பெயர், அதே இனிஷியல் இருக்கட்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களென்றால் கரண்ட் இணைப்பு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கூரையைப் பயன்படுத்த வீட்டுக்காரரின் அனுமதியும் வேண்டும்.

அடுத்த குழி பேனலில். மானியத்துக்கு உள்நாட்டில் தயாரான செல் உள்ள டி.சி.ஆர். பேனல்தான் செல்லும். "அதே குவாலிட்டி, விலை மட்டும் குறைவு" என்று வேறொன்றை மாட்டிவிட்டால் மானியம் போச்சு. டி.சி.ஆர். என்று பில்லில் எழுதி வாங்குங்கள், வரிசை எண்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். திட்டத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனமா என்று நீங்களே பாருங்கள், விற்க வந்தவர் கொடுக்கும் விசிட்டிங் கார்டைப் பார்த்து அல்ல. விண்ணப்பத்தை உங்கள் மொபைல் எண்ணில் போடுங்கள், ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

மின்வாரிய அலுவலகத்தில் "சாத்தியக்கூறு ஆய்வு நடக்கணும், லோடு பத்தாது" என்று இழுத்தால் 2024 மின்சார நுகர்வோர் உரிமைத் திருத்த விதியைச் சொல்லுங்கள். 10 கிலோவாட் வரை முழுமையான விண்ணப்பத்துக்கு அந்த ஆய்வே தேவையில்லை, ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். அதற்குத் தேவையான லோடு, அதாவது இணைப்புக்கு அனுமதித்த மின்சுமை, உயர்வையும் மின் நிறுவனம்தான் செய்து தர வேண்டும். வாயால் சொன்னால் காதில் விழாது, எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

நெட் மீட்டர், அதாவது பேனலிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தையும் வீட்டுக்குள் வருவதையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டர், பொருத்தி, ஆய்வு முடிந்து, அறிக்கை இணையதளத்தில் ஏறிய பிறகுதான் மானியம் வரும், அதுவும் நேராக உங்கள் கணக்குக்கு. இன்னொன்று, பேட்டரி இல்லாத இந்த வகைப் பேனல் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். இதைப் பணம் வாங்கும் வரை யாரும் சொல்ல மாட்டார்கள்.