எதிர்த்து உயரும் ஒரு கை

1999 பிப்ரவரி 25 அன்று, மாசிடோனியாவில் (இன்றைய வடக்கு மாசிடோனியா) இருந்த ஐ.நா. படையின் பணிக்காலத்தை நீட்டிக்கும் தீர்மானம் பாதுகாப்பு கவுன்சிலில் வாக்கெடுப்புக்கு வந்தது. பக்கத்துக் கொசோவோ பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். போர் மூண்ட பிறகு போய் நிற்காமல், மூளாமலே தடுப்பதற்காக ஐ.நா. முதன்முறையாக அனுப்பிய படை அது. 15 உறுப்பினர்களில் 13 பேர் ஆதரித்தார்கள், ரஷ்யா நடுநிலை வகித்தது, சீனா மட்டும் எதிர்த்தது. தீர்மானம் அத்தோடு முடிந்தது.

அங்கே நிலைமை சீரடைந்துவிட்டது, படை இனித் தேவையில்லை என்பது சீனா சொன்ன காரணம். சொல்லாத காரணத்தை அறை முழுவதும் அறிந்திருந்தது: சீனா தன் பகுதி என்று உரிமை கோரும் தைவானைச் சில வாரங்களுக்கு முன்புதான் மாசிடோனியா தனி நாடாக அங்கீகரித்திருந்தது. அடுத்த மாதமே கொசோவோவில் போர் பெரிதாக வெடித்தது. லட்சக்கணக்கான அகதிகள் மாசிடோனியாவுக்குள் நுழைந்தார்கள். 2001இல் அந்த நாட்டுக்குள்ளேயே ஆயுத மோதல் தொடங்கியது. படை இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படை விலக்கப்பட்ட காரணத்துக்கும் மாசிடோனியாவின் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை என்பது தெளிவு.

இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. ஐ.நா. சாசனத்தின் 27ஆவது பிரிவுப்படி, முக்கியமான தீர்மானம் எதுவும் நிறைவேற 9 வாக்குகள் வேண்டும். கூடவே அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்றுகூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. இதுதான் வீட்டோ. எதற்காக அதைப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்ற வரையறை சாசனத்தில் இல்லை. ஒரு தகராறில் நேரடித் தரப்பாக இருக்கும் நாடு வாக்களிக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு; அது சமரசப் பரிந்துரைகளுக்கு மட்டும் பொருந்தும், படை நடவடிக்கைக்குப் பொருந்தாது. ஆகவேதான் 2022 பிப்ரவரியில், உக்ரைனுக்குள் தன் படைகளை அனுப்பிய மறுநாள், ரஷ்யாவால் கவுன்சிலின் தலைமை நாற்காலியில் இருந்தபடியே தன்னைக் கண்டிக்கும் தீர்மானத்தை வீழ்த்த முடிந்தது.

1945இல் சாசனத்தை உருவாக்கிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலேயே சிறிய நாடுகள் வீட்டோவை எதிர்த்தன. அமெரிக்கப் பிரதிநிதியான செனட்டர் டாம் கொனாலி, சாசன வரைவின் பிரதி ஒன்றை அவர்கள் முன்னிலையில் கிழித்துக் காட்டினார். வீட்டோ இல்லையென்றால் சாசனமே இல்லை என்பது அதன் பொருள். இதை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட மாட்டேன். ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக அமைப்பான சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் 1933இல் வெளியேறும் முடிவை அறிவித்தன. வல்லரசுகளை உள்ளே வைத்திருக்க ஒரு விலை கொடுத்தாக வேண்டியிருந்தது. அந்த விலையை இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறோம், நிறுத்தவும் வழியில்லை. வீட்டோவை நீக்கச் சாசனத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு ஐந்து நாடுகளின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது 108ஆவது பிரிவு.

செய்தியில் வருவது வீட்டோதான். அதைவிடப் பெரிய சேதம் வீட்டோவே இல்லாமல் நடக்கிறது. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் சிறுபான்மையினரான துட்சி மக்கள் கொல்லப்படத் தொடங்கியபோது அங்கே சுமார் 2,500 ஐ.நா. வீரர்கள் இருந்தார்கள். முதல் நாளிலேயே பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட, பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஐ.நா. படையின் தளபதி ரோமியோ டலேர் கூடுதல் வீரர்களைக் கேட்டார். ஏப்ரல் 21 அன்று, படையை 270 பேராகக் குறைக்க பாதுகாப்பு கவுன்சில் ஒருமனதாகத் தீர்மானித்தது. முந்தைய அக்டோபரில் சோமாலியாவில் 18 வீரர்களை இழந்திருந்த அமெரிக்கா இன்னொரு ஆப்பிரிக்கச் சண்டையில் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. மற்ற வல்லரசுகளும் அப்போது ஐ.நா. படைக்கு வீரர்களைத் தர முன்வரவில்லை. மே மாதம் 5,500 பேருக்கு அனுமதி கிடைத்தது. கொலைகள் ஓயும்வரை அந்தப் படை முழுதாகப் போய்ச் சேரவில்லை. சுமார் நூறு நாட்களில் கொல்லப்பட்டவர்கள் 8 லட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. கொலைகளை நடத்திய அரசின் பிரதிநிதியும் அந்த ஆண்டு கவுன்சிலில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் செரிக்க முடியவில்லை.

அனுமதி கொடுத்த பிறகும் ஏன் படை வரவில்லை? ஐ.நா.வுக்குச் சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் நிரந்தரமாகப் படை ஒதுக்கித் தரும் ஒப்பந்தங்களை 43ஆவது பிரிவு எதிர்பார்த்தது. அப்படி ஓர் ஒப்பந்தம்கூட இன்றுவரை கையெழுத்தாகவில்லை. ஒவ்வொரு முறையும் தலைநகர் தலைநகராகக் கேட்டுப் பெற வேண்டும். செலவில் பெரும் பங்கைப் பணக்கார நாடுகள் தருகின்றன. களத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நேபாளம், வங்கதேசம், இந்தியா, ருவாண்டா போன்ற நாடுகளின் வீரர்கள். ஆணையை எழுதுவோரின் பிள்ளைகள் அந்த ஆணையை நிறைவேற்றப் போவது அபூர்வம்.

நீதிமன்றத்துக்குப் போனாலும் இதே கதவுதான் எதிரே நிற்கிறது. நிகரகுவாவுக்கு எதிராகச் சட்டவிரோதமாகப் பலத்தைப் பயன்படுத்தியதாக 1986இல் அமெரிக்காவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரி நிகரகுவா போக வேண்டிய இடம் பாதுகாப்பு கவுன்சில். போனது. அமெரிக்கா வீட்டோ செய்தது.

சுற்றுவழி ஒன்று உண்டு. கவுன்சில் முடங்கினால், எல்லா உறுப்பு நாடுகளும் அமரும் பொதுச்சபை அவசரக் கூட்டம் கூட்டலாம் என்று 1950இல் ஒரு தீர்மானம் இயற்றப்பட்டது. 1956இன் ஒரே வாரத்தில் அது இரண்டு முறை சோதிக்கப்பட்டது. இஸ்ரேல் எகிப்தைத் தாக்கியது; அதனுடன் சேர்ந்திருந்த பிரிட்டனும் பிரான்சும் கவுன்சிலில் வீட்டோ செய்துவிட்டுத் தாங்களும் தாக்கின. பொதுச்சபை கூடியது, சூயஸ் பகுதிக்கு அமைதிப்படை போனது, தாக்கியவர்கள் பின்வாங்கினார்கள். ஹங்கேரிக்குள் டாங்கிகளை அனுப்பிய சோவியத் ஒன்றியமும் வீட்டோ செய்தது. அப்போதும் பொதுச்சபை கூடியது, கண்டித்தது, டாங்கிகள் அங்கேயே நின்றன. சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். சூயஸ் விவகாரத்தில் அமெரிக்காவே எரிச்சலடைந்து, சரிந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் பவுண்டுக்குக் கைகொடுக்க மறுத்தது; பவுண்டு இல்லாமல் லண்டனால் போரை நடத்த முடியாது. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்காக, அணு ஆயுதம் வைத்திருந்த மாஸ்கோவுடன் மோத வாஷிங்டனுக்கு விருப்பமில்லை.

2022 மார்ச்சில் அதே சுற்றுவழியில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்து வாக்களித்தன; போர் தொடர்ந்தது. அந்த ஏப்ரல் முதல், யார் வீட்டோ செய்தாலும் பத்து வேலைநாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்கிறது. வீட்டோ செய்த நாடு அங்கே வந்து விளக்கம் சொல்லும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.