கிளைக்கோசில்டிரான்ஸ்ஃபரேஸ்: தமிழில் சர்க்கரையேற்றி

அவுரி இலையைப் பாருங்கள், பச்சைதான் இருக்கும். நீலமாக வேண்டிய இண்டாக்சில் என்ற பொருளின் மேல் செடி ஒரு குளுக்கோஸை மாட்டி, நிறமே இல்லாத இண்டிகானாக வைத்திருக்கிறது. இலையைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் வேறொரு நொதி அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிடும். அப்புறம் காற்றுப் படும்படி தண்ணீரை அடித்துக் கலக்கக் கலக்க நீலம் திரண்டு அடியில் படியும். திண்டிவனம் பக்கம் இன்றும் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

முதலில் சர்க்கரையை மாட்டிய நொதியின் பெயர்தான் கிளைக்கோசில்டிரான்ஸ்ஃபரேஸ்.

நீளமான சொல்தான், ஆனால் பிரித்தால் எளிது. கிரேக்கத்தில் 'கிளைகிஸ்' என்றால் இனிப்பு. லத்தீனில் 'டிரான்ஸ்' கடந்து, 'ஃபெர்ரே' சுமத்தல். கடைசி 'ஏஸ்' வந்த கதை சுவையானது. 1833-இல் பாயென், பெர்சோ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரு நொதியைப் பிரித்து 'டயாஸ்டேஸ்' என்று பெயரிட்டார்கள். பிரித்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் அது. அதன் வால் பிறகு பெரும்பாலான நொதிகளுக்கும் ஒட்டிக்கொண்டது, சேர்த்துவைக்கும் இந்த நொதிக்கும்கூட.

சரி, தமிழில்? 'சர்க்கரை மாற்றி' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு என்று நினைப்பார், அல்லது சர்க்கரை வேறொன்றாக மாறுகிறது என்று நினைப்பார். இங்கே சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கிறது. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுகிறது. அதனால் 'சர்க்கரையேற்றி' என்பதே பொருந்தும். மின்னேற்றம் என்கிறோம், துணிக்குச் சாயமேற்றுகிறோம்; ஏற்றுதல் நமக்குப் பழகிய வினை. கழற்றும் நொதியை 'சர்க்கரை நீக்கி' எனலாம். இலங்கை வாசகர்கள் நொதி என்பதை நொதியம் என்று படித்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லுக்கு இப்போது வேலை கூடியிருக்கிறது. ஜீன்ஸ் துணிக்கான நீலம் பெரும்பாலும் பெட்ரோலிய மூலப்பொருளில் தயாராகிறது. அது நீரில் கரையாது. கரைக்க சோடியம் டைதயோனைட் என்ற வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். சாயக்கழிவைக் கெடுக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. 2018-இல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று ஜப்பானிய நீலச் செடியின் சர்க்கரையேற்றியை பாக்டீரியாவுக்குள் வைத்தது. பாக்டீரியா இண்டிகானைத் தயாரித்தது. அதைத் துணியில் ஏற்றி, அங்கேயே சர்க்கரையை நீக்கியதும் நூலிலேயே நீலம் பிடித்தது. டைதயோனைட் தேவைப்படவில்லை. செடி காலங்காலமாகச் செய்துவரும் தந்திரம்தான் இது, அதைத்தான் நான் வியக்கிறேன்.

சீனித்துளசியிலும் இதே கதை. அதன் இலையில் நிறைய இருக்கும் ஸ்டீவியோசைடு என்ற இனிப்புப் பொருளில் மூன்று குளுக்கோஸ். நாக்கில் கொஞ்சம் கசப்பு தங்கும். ஆறு குளுக்கோஸ் ஏறிய ரெபாடியோசைடு எம்-இல் அந்தக் கசப்பு மிகக் குறைவு, ஆனால் இலையில் அது துளிதான். அதை மட்டும் பிரித்தெடுக்க ஏராளமான இலை வேண்டும். இலையில் தாராளமாகக் கிடைப்பதன் மேலேயே சர்க்கரையேற்றியை வைத்து மீதிக் குளுக்கோஸை ஏற்றினால் வயலும் தண்ணீரும் மிச்சம்.

ஏற்றுவதற்கான குளுக்கோஸ் யூடிபி என்ற மூலக்கூறின் தோளில் வருகிறது. அதைத் தனியாக வாங்கினால் விலை கட்டாது. சுக்ரோஸ் சிந்தேஸ் என்ற இன்னொரு தாவர நொதியையும் கூடவே போட்டால், சாதாரணச் சர்க்கரையிலிருந்தே குளுக்கோஸைப் பிடுங்கி, வெறுங்கையோடு திரும்பும் யூடிபி மேல் மறுபடி ஏற்றிவிடும்.