சொல் விளக்கம்: உயிர்ச்சத்து

மருந்துக்கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், "ஒரு அட்டை சத்து மாத்திரை குடுங்க" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். என்ன சத்து, எதற்குச் சத்து என்ற பேச்சே இருக்காது. கடைக்காரர் பி காம்ப்ளக்ஸ் அட்டை ஒன்றை எடுத்துப் போடுவார். மாத்திரை போட்டதும் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போவதைப் பார்த்துச் சிலர் பயந்துபோவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அது உடம்பு தேவைக்கு எடுத்துக்கொண்டது போக வெளியே தள்ளிய ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2. லத்தீனில் ஃபிளாவுஸ் என்றால் மஞ்சள். பெயரிலேயே நிறம் இருக்கிறது.

'வைட்டமின்' 1912-ல் பிறந்த சொல். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த போலந்துக்காரர் காசிமிர் ஃபங்க் உருவாக்கியது. அரிசித் தவிட்டில் இருந்து, கால் மரத்துத் தளர்ந்துபோகும் பெரிபெரி நோயைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுக்கத்தான் அவர் பாடுபட்டார். அதற்கு முன்பே ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் கோழிகளிடம் இதைப் பார்த்திருந்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன, தவிடு நீக்காத அரிசி போட்டதும் தேறின. தவிட்டில் இருப்பது அமீன் (நைட்ரஜன் கொண்ட ஒரு வகை வேதிப்பொருள்) என்பது ஃபங்கின் கணிப்பு. லத்தீனில் வீட்டா என்றால் உயிர். உயிருக்கு வேண்டிய அமீன் என்பதால் 'வைட்டமீன்' என்று பெயர் வைத்தார்.

பிற்பாடு பார்த்தால் எல்லாமே அமீன் இல்லை. வைட்டமின் சி-யில் நைட்ரஜனே கிடையாது, அப்புறம் எங்கே அமீன்? சொல் அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. 1920-ல் ஜாக் டிரம்மண்ட் என்பவர், ஆங்கில எழுத்துக்கூட்டலின் கடைசியில் இருந்த 'இ'யை மட்டும் வெட்டிவிடலாம் என்றார். அமீன் போய் 'மின்' மிஞ்சியது.

தமிழில் இதற்கு உயிர்ச்சத்து என்கிறோம். வீட்டா இருந்த இடத்தில் 'உயிர்' பொருத்தமாக உட்கார்ந்துகொண்டது. அமீனை யாரும் மொழிபெயர்க்கவில்லை, 'சத்து' என்று போட்டுவிட்டார்கள். ஆக, ஃபங்கின் பிழை இந்தச் சொல்லுக்குள் நுழையவே இல்லை. சத்து வடமொழி வழி வந்தது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சத்துமாவையும் சத்துணவையும் இத்தனை காலம் சாப்பிட்ட பிறகு எனக்கு அந்த வருத்தம் இல்லை. இலங்கைப் பாடநூல்களில் 'விற்றமின்' என்று இருக்கும். பேச்சில் 'வைட்டமின் ப' என்றால் பணம்.

எனக்கு இந்தச் சொல்லின் மேல் வேறொரு குறை. சத்து என்று காதில் விழுந்ததும், கூடக் கூட நல்லது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உயிர்ச்சத்தின் கணக்கு அப்படி இல்லை. மில்லிகிராம், மைக்ரோகிராம் அளவில்தான் தேவை. குறைந்தால் நோய் வரும். நிறைந்துவிட்டால், மேலே ஊற்றுவது வேறு கதை. உணவுப்பாதைப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளில் இது நன்றாகவே தெரிகிறது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின்சியன் என்ற மலைப்பகுதி. உணவுக்குழாய்ப் புற்றும் இரைப்பையின் மேல்வாய்ப் புற்றும் உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று. (உணவுக்குழாயை இலங்கையில் 'களம்' என்பார்கள், போர்க்களத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அங்கே பழம், காய்கறி குறைவு, உடம்பில் பல உயிர்ச்சத்துகளும் குறைவு. 29,584 பேருக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் வெவ்வேறு கலவை மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். 1993-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் பொருள்), வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாது மூன்றும் சேர்ந்த கலவை கிடைத்தவர்களிடம் இரைப்பைப் புற்றால் இறப்பது 21% குறைந்திருந்தது. உணவுக்குழாய்ப் புற்றில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. வைட்டமின் சி-யும் மாலிப்டினம் என்ற தாதுவும் சேர்ந்த கலவை இரண்டிலுமே பலன் காட்டவில்லை.

சரி, பீட்டா கரோட்டின் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அடுத்த ஆண்டே பின்லாந்தில் இருந்து வேறு செய்தி வந்தது. அங்கே புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்ததில், நுரையீரல் புற்று 18% கூடியது. லின்சியனில் அது பள்ளத்தை நிரப்பியது. பின்லாந்தில் அப்படி நிரப்ப வேண்டிய பள்ளம் இல்லை.

பெருங்குடலுக்கு வந்தால் பேச்சு பி வகை உயிர்ச்சத்தான ஃபோலிக் அமிலத்தைப் பற்றித்தான். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. 1941-ல் நான்கு டன் ஸ்பினாச் கீரையில் இருந்து எடுத்ததால் அந்தப் பெயர். தமிழில் 'இலையமிலம்' என்று எழுதிப் பார்க்கலாம், எனக்குப் பிடித்திருக்கிறது. கீரையும் பயறும் தாராளமாகச் சாப்பிடுகிறவர்களிடம் பெருங்குடல் புற்று குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. மாத்திரையாகக் கொடுத்தால்? பெருங்குடலில் சிறு கட்டிகள் இருந்து நீக்கப்பட்டவர்களுக்குத் தினமும் 1 மில்லிகிராம் கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானது. கட்டிகள் மறுபடி வருவது குறையவில்லை. பிந்தைய பரிசோதனையில், மாத்திரை எடுத்தவர்களில் மூன்றும் அதற்கு மேலும் கட்டிகள் வந்தவர்கள் அதிகம். புது உயிரணு உருவாக ஃபோலிக் அமிலம் வேண்டும். முன்பே முளைவிட்ட கட்டிக்கும் அது உரமாகியிருக்கலாம் என்று சிலர் சந்தேகித்தார்கள். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பெரிய தீங்கும் தெரியவில்லை, பலனும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் யாரும் ஃபோலிக் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கக் கொடுப்பது, அதன் பலன் உறுதியானது.

இனி மாத்திரைக்கு என்ன பெயர் வைப்பது? 'சத்து மாத்திரை' என்றால் அந்தப் பழைய மயக்கம் ஒட்டிக்கொள்ளும். 'துணை ஊட்டம்' பரவாயில்லை, ஆனாலும் யாருக்குத் துணை என்பது அதில் தெரியவில்லை. இலங்கை நாடாளுமன்றத்தில், ஒதுக்கிய பணம் போதாதபோது மேற்கொண்டு கேட்பதைக் 'குறைநிரப்பு மதிப்பீடு' என்பார்கள். அதிலிருந்து 'குறைநிரப்பி' என்று எடுத்துக்கொள்ளலாம். உணவில் இருப்பதை உயிர்ச்சத்து என்றும் அட்டையில் இருப்பதைக் குறைநிரப்பி என்றும் எழுதினால், கடையில் கேட்கிறவருக்கே "எனக்கு என்ன குறை?" என்று ஒரு கேள்வி எழும்.