நாம் எழுதுவதை முதலில் படிப்பது நாம்தான்

இரவு 11 மணி. முன்பின் தெரியாத ஒருவருக்கு இணையத்தில் பதில் தட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் வந்த வரி: "எனக்குத் தெரிந்தவரை அது அப்படி இல்லை." படித்துப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. 'எனக்குத் தெரிந்தவரை' என்பதை அழிக்கிறேன். இன்னும் காரம் போதவில்லை. கடைசியில் அது "இதுகூடத் தெரியாமல்தான் பேச வந்தீர்களா?" என்று மாறுகிறது. அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்துக்கு முன் மனதில் இருந்த சின்னச் சந்தேகத்தை இப்போது காணோம். இடையில் புதிதாக எந்தத் தகவலும் வரவில்லை. மாறியது வார்த்தை மட்டும்தான்.

அந்தச் சந்தேகம் எங்கே போனது?

1955இல் மார்ட்டன் டாய்ச், ஹெரால்ட் ஜெரார்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வேண்டுமென்றே தப்பான விடை சொல்வார்கள். தன் விடையை முன்கூட்டியே எங்கும் எழுதாதவர்கள்தான் அதிகம் மற்றவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துபோகும் சிறுவர் பலகையில் எழுதியவர்கள் அவ்வளவு சாயவில்லை. சாதாரணத் தாளில் எழுதியவர்கள் இன்னும் கெட்டியாக நின்றார்கள். அழியும் எழுத்துக்கே இவ்வளவு பிடிப்பு என்றால், பெயரும் படமும் சேர்ந்து நிற்கும் இணையப் பதிவு எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும்! அந்தச் சோதனையில் எழுதியது சரியான விடை. தப்பானதை எழுதியிருந்தாலும் கை அதே இறுக்கத்தோடுதான் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் என் கவலை.

பிடிவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், நினைவே வளைகிறது. 1978இல் டோரி ஹிக்கின்ஸும் வில்லியம் ரோல்ஸும் ஒருவரைப் பற்றிய குறிப்பைக் கொடுத்து, அவரைத் தெரிந்த இன்னொருவருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். படிக்கப்போகிறவருக்கு அந்த ஆளைப் பிடிக்கும் என்று சொல்லப்பட்டவர்கள் நல்லவிதமாக எழுதினார்கள். பிடிக்காது என்று சொல்லப்பட்டவர்கள் குறையாக எழுதினார்கள். அப்புறம் மூலக் குறிப்பை நினைவுகூரச் சொன்னபோது, தாங்கள் எழுதிய பக்கமே நினைவும் சாய்ந்திருந்தது. நம் பக்கத்து ஆட்கள் கைதட்ட வேண்டும் என்று எதிராளியைக் கொஞ்சம் கோணலாக வர்ணிக்கிறோம் இல்லையா? நாளைக்கு நம் நினைவில் இருக்கப்போவது அந்தக் கோணல் ஆள்தான்.

சரி, கொட்டித் தீர்த்தால் மனம் லேசாகிவிடாதா? பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் கட்டுரையை மோசமாகத் திட்டியவரை நினைத்தபடியே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் மிகுதியாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. பதில் எழுதுவதும் எதிராளியை நினைத்துக்கொண்டு குத்துவதுதான்; ஒவ்வொரு வரிக்கும் அவரை மறுபடி மனதில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. விருப்பக்குறிகள் வேறு எண்ணெய் ஊற்றுகின்றன. 1 கோடியே 27 லட்சம் ட்வீட்டுகளை அலசிய 2021 ஆய்வு ஒன்று, சீற்றத்தைக் காட்டி விருப்பக்குறியும் பகிர்வும் பெற்றவர்கள் அடுத்தடுத்து இன்னும் அதிகமாகச் சீறியதாகக் காட்டியது.

ஆனால் இதே சொற்கள் தணிக்கவும் செய்யும். மாத்யூ லீபர்மன் குழுவினரின் 2007 ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்வுக்குப் பெயர் சொன்னபோது மூளையில் பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்புறம் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. "நீ ஒரு முட்டாள்" என்பது எதிராளிக்கு வைக்கும் பெயர். "எனக்குக் கோபமாக இருக்கிறது" என்பது உள்ளே நடப்பதற்கு வைக்கும் பெயர். தட்டும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தோன்றும்.

இப்போதெல்லாம் விரல் எதை அழிக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் 'எனக்குத் தெரிந்தவரை', 'ஒருவேளை', 'என்று நினைக்கிறேன்' போன்றவைதான். பல்லைக் கடித்திருப்பதும் அந்த நேரத்தில்தான் தெரிகிறது. அந்தச் சொல்லைத் திரும்பப் போட்டுவிட்டு வரியை இன்னொரு முறை படிக்கிறேன். சில நாள் அதற்கு அடுத்து ஒரு கேள்வி எழுதத் தோன்றுகிறது.